ஐம்பதாவது பதில்

மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்டர்வியூ என்னம்மா ஆச்சு?"

"போச்சுப்பா." அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

கல்லூரி முடித்து எட்டு மாதம். 'உங்களைத் தேர்வு செய்யவில்லை' என்று வந்த பதில்களையெல்லாம் அச்செடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள். மொத்தம் நாற்பத்தொன்பது.

"அப்போ ஐம்பது ஆயிடுச்சா?" அப்பாவின் கை தானாக மீசைக்குப் போனது.

அம்மா கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். "ஐம்பதுதானே? உட்காருங்க நாற்காலியில!"

"இல்லைம்மா, நாப்பத்தொம்பதோட நின்னுபோச்சு. திங்கட்கிழமை வேலையில சேரச் சொல்லிட்டாங்க" என்று மகள் முனகினாள்.

ஐந்தாவது 'இல்லை'க்கே அவள் போர்வைக்குள் முடங்கியபோது அப்பா கட்டிய பந்தயம் அது: "ஐம்பது இடத்துல இல்லைன்னு வாங்கிட்டு வா, என் மீசையை எடுத்துடறேன்!" அந்த வேடிக்கையைப் பார்த்துவிடும் வெறியில்தான் அவள் விடாமல் விண்ணப்பம் போட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு இடத்துல கேட்டுப் பாரேன்டி" என்று அம்மா கெஞ்சினாள். கல்யாணமான நாளிலிருந்து மீசையில்லாத அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை.

"என் பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்கு. மீசை என்ன பெரிய மீசை!" அப்பா கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனார்.

வெளியே வந்தவரைப் பார்த்து மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

அம்மா மட்டும் கிட்டே போய் அவர் மேலுதட்டை உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"எத்தனை நாள்ல மறுபடி முளைக்கும்?"