வெள்ளைக் கொய்யா

காலை நேரத்தில் பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறினால் கால் வைக்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். ஜெகதீசனுக்கோ கால் நீட்டவே இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அவர் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டார்கள். பிறகு தாமாகவே எழுந்து போனார்கள்.

இளைத்த உடம்புக்கு ஊர் காட்டும் மரியாதை என்று ஜெகதீசன் முடிவு கட்டியிருந்தார்.

"பாத்தியா டில்லி, தொப்ப இருந்தப்போ ஒருத்தனாவது நவுந்தானா? இப்போ எப்டி எடம் வுடறான் பாரு."

"ஆமா அண்ணாத்தே," என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த டில்லிபாபு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருவருக்கும் ஒரே கம்பெனி. பல வருடங்களாக ஒரே ரயில், ஒரே பெட்டி.

செல்போனில் ஒரு மகான் அருளியபடி ஜெகதீசன் அரிசியைத் துறந்திருந்தார். காயும் பழமும் சர்க்கரையின் சொந்தக்காரர்கள் என்று தெரியவந்ததால் அவற்றையும் வீட்டுக்குள் விடுவதில்லை. மூன்று வேளையும் முட்டை, வெண்ணெய், ஆட்டுக்கறி. ரயிலில் யார் டிபன் பாக்ஸைத் திறந்தாலும் உபதேசம் இலவசம்.

"நீ துன்றது இட்லி இல்ல எத்திராஜு, வெசம்," என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் தினமும் கூடவே உட்கார்ந்து வந்த எத்திராஜ் அடுத்த பெட்டிக்கு மாறினார். கொஞ்ச நாளில் அதே கூட்டத்து மனோகரனும், "இங்க காத்து வர்ல," என்று அவர் பின்னாலேயே போய்விட்டார். ஞானம் தாங்காத பிள்ளைகள் என்று ஜெகதீசன் பெருந்தன்மையோடு இருவரையும் மன்னித்தார்.

சில்லறைக் குறைகள் சில இருந்தன. பல் துலக்கினால் பிரஷ் சிவந்தது. ஈறு வீங்கியிருந்தது. துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல நாக்கில் ஒரு ருசி. பல் டாக்டரிடம் காட்டச் சொன்ன மனைவி பஞ்சவர்ணத்திடம், "ஒடம்புல கீற கெட்டதெல்லாம் வெளிய போவுது," என்று மகானின் விளக்கத்தையே எடுத்துச் சொன்னார். அந்த அம்மாளும் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாப்பாட்டைக்கூட இப்போதெல்லாம் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்கிறாள்.

இந்துக் கல்லூரி நிலையத்தில் கொய்யாக் கூடையோடு ஒரு பெண் ஏறினாள். டில்லிபாபு ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து, இரண்டைத் திருப்பி வைத்துவிட்டு, நன்றாகப் பழுத்த ஒன்றை வாங்கி நீட்டினார்.

"பழம்டா. முழுக்க சக்கரை."

"ஒரே ஒரு கடி அண்ணாத்தே. எனுக்கோசரம்."

ஊருக்கே வழிகாட்டுகிறவர் ஒரு சிநேகிதனுக்காகக் கொஞ்சம் இறங்கி வரலாம். கடித்தார். சுருக்கென்றது. கடித்த இடத்தைப் பார்த்தார்.

"செவப்புக் கொய்யாவா வாங்குன?"

டில்லிபாபு பழத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். "வெள்ளக் கொய்யாதான் அண்ணாத்தே."

ஆவடியில் ஏறி எதிரே உட்கார்ந்த ஒரு பெண், ஜெகதீசன் பெருமூச்சு விட்டதும் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். இந்த முறை அதில் மரியாதை எங்கே இருக்கிறது என்று அவருக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

"டில்லி, மறைக்காம சொல்லு. எத்திராஜும் மனோகரனும் ஏன் போனாங்க?"

"அத்த வுடு அண்ணாத்தே."

"சொல்லு."

"வாய் நாறுதாம். மூஞ்சிக்கு நேரா சொன்னா நீ மனசு ஒடஞ்சு பூடுவேன்னு, சொல்லாமலே போய்ட்டானுங்க."

ஜெகதீசன் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அதன் வழியாகத்தான் அடுத்த கேள்வி வந்தது.

"அப்போ நீ மட்டும் ஏன் இங்க குந்திகினு கீற?"

டில்லிபாபு சட்டைப் பையிலிருந்த சின்ன முருகன் படத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

"எனுக்கு கொரோனா வந்துச்சே, அதோட மூக்கு அவுட்டு. சாக்கடையும் சாம்பிராணியும் எனுக்கு ஒண்ணுதான்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"இன்னா, மெடலா வாங்கிகினு வந்தேன், சொல்லிகினு திரிய?"

ஜெகதீசன் சிரிக்கவில்லை. மிச்சமிருக்கும் ஒரே சிநேகிதனும் மூக்கு செத்ததால்தான் மிஞ்சியிருக்கிறான். மூக்குள்ள மனிதன் ஒருவன்கூடத் தன் பக்கத்தில் உட்கார மாட்டான். அன்னனூர் தாண்டியதும் கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நாளைலேர்ந்து நான் முந்தின ரயில்ல தனியா போய்க்கிறேன் டில்லி. நீங்கல்லாம் பழையபடி ஒண்ணா குந்துங்க."

"தபாரு, அதெல்லாம் வாணாம். எனுக்குத்தான் ஒண்ணுமே தெரியலன்றேனே. சாயங்காலம் பல் டாக்டராண்ட போலாம், நானும் வரேன். இப்போ அந்தப் பழத்தத் துன்னு, ஈறுக்கு நல்லது."

அதுவும் சரிதான் என்று பட்டது. மூக்கில்லாதவனுக்குத் தன்னால் என்ன தொந்தரவு? அந்த ஒரு சமாதானத்தில், மகானுக்குத் துரோகமாக, வலி குறைந்த பக்கத்தில் வைத்து மிச்சக் கொய்யாவை மெல்ல மெல்ல மென்று முடித்தார்.

அம்பத்தூரில் இறங்கி, நிலையத்தின் உயரமான சுற்றுச்சுவரை ஒட்டி இருவரும் நடந்தார்கள்.

"நாளைக்கும் இதே பெட்டிதானே?" என்று ஜெகதீசன் கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார்.

பதில் சொல்ல வாயெடுத்த டில்லிபாபு சட்டென்று நின்றார். கண்ணை மூடி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

"சொவுத்துக்கு அந்தாண்ட எவனோ மசால்வட போடறான் அண்ணாத்தே, இன்னா வாசன."