இளைப்பு மருந்தின் விலை

தம்பி ரெக்ஸின் மருந்துக் கம்பெனியை முந்துவதற்காக, ஆட்டப்பலகையில் ஜெசிந்தா இளைப்பு மருந்தின் விலையை ஏற்றினாள். மருந்து வாங்க முடியாத நோயாளி என்று ஒரு மரப்பொம்மையை அவன் பலகையின் குழிக்குள் தள்ளினான். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் மகளுக்கு இளைப்பு கூடியது. தற்செயல்தான் என்று மறுபடி ஏற்றினாள். மகளின் நெஞ்சு விசிலடித்தது. “நான் ஆடலைடா.” “ஜெயிக்கிற நேரத்துல பயந்தா எப்படிக்கா? விலையை ஏத்து, இல்ல ஆலையை மூடு.” “இறக்குறேன்.” “அதுக்குப் பலகையில கட்டமே இல்லியே,” என்று சிரித்தான். கடைசிப் பொம்மையை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். மகளின் அறை அமைதியானது. இளைப்புச் சத்தம் இப்போது அவள் விரலிடுக்கிலிருந்து வந்தது. “பொம்மையை வச்சிடுக்கா,” என்றான் ரெக்ஸ். “இன்னும் உன் முறைதான்.”