வேண்டாம் என்பவர்கள் ஜன்னல் பக்கம்

"வேணும்கிறவங்க கடிகாரத்துப் பக்கம், வேண்டாம்கிறவங்க ஜன்னல் பக்கம்! நடங்க, நடங்க!" என்றார் கூட்டத் தலைவர் ட்வைட்.

ஓரின் பெல்கி நாற்காலியை விட்டு மெல்ல எழுந்தான்.

வாயால் போட்ட ஓட்டில் இரண்டு தரப்பும் ஒரே அளவுக்குக் கத்தித் தொலைத்தன. அதனால் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூடியிருந்த ஊர் மொத்தத்தையும் காலால் ஓட்டுப் போடச் சொல்லிவிட்டார் ட்வைட். நூற்றுச் சொச்சம் இரும்பு நாற்காலிகள் ஒன்றாகக் கிறீச்சிட்டன.

தீர்மானம் இதுதான்: ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களிடம் வெர்மாண்ட் மாநிலம் வருமான வரியைக் கூட்டி வாங்க வேண்டும் என்று ஊர் சார்பில் தலைநகருக்கு எழுதுவது.

கொண்டுவந்தவள் ஆர்லீன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். முழங்கால் பனியில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவள்.

அந்த வரம்புக்கு மேல் இந்த ஊரில் மூன்று பேர் இருப்பதாக மாநில வரித்துறையின் பட்டியல் சொன்னது. பெயர் சொல்லவில்லை. பல் டாக்டர் ஒருவர், மலைமேல் கண்ணாடி வீட்டுக்காரர் ஒருவர், அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மூன்றாவது யார் என்றுதான் ஊர் மூன்று மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஆள் ஓரின்.

செப்டிக் டேங்க் சுத்தம் செய்வது அவன் தொழில். உள்ளூரில் ஒரு ஓட்டை லாரி. சுற்று ஊர்களில் வேறு வேறு பெயரில் இன்னும் ஆறு. கோடையில் இங்கே வந்து கல்யாணம் செய்துகொள்ளும் நகரத்துக்காரர்களுக்கு வாடகைக் கழிப்பறைகள் வேறு. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போகிறவர்கள் யாரும் அவன் வருமானத்தைப் பற்றி யோசித்ததில்லை. பாவம் என்று ஆப்பிள் பை சுட்டுக் கொடுப்பார்கள். அவனும் கூசாமல் வாங்கித் தின்பான்.

ஞாயிற்றுக்கிழமைதான் ஆர்லீனிடம் கல்யாணப் பேச்சை எடுத்திருந்தான். ஐம்பத்தெட்டு வயதில், காதெல்லாம் சிவக்க. செவ்வாய்க்கிழமை, இந்தக் கூட்டத்தில் பதில் சொல்கிறேன் என்றாள் அவள். பணக்காரர்கள் என்ற பேச்சு வந்தாலே பல்லைக் கடிப்பவள். விஷயம் தெரிந்தால் அவ்வளவுதான், கல்யாணமும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

ஆகவே ஓரின் கடிகாரத்துப் பக்கம் நடந்தான்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் மனசு துள்ளியது. ஒரு பெண்ணுக்காகக் கூடுதல் வரி கட்டத் துணிந்த ஆண்பிள்ளை இந்த மாநிலத்திலேயே தான் ஒருவன்தான் என்று கிறுக்குத்தனமான ஒரு பெருமை.

கூடமே யார் எங்கே போகிறார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பல் டாக்டர் தன்னிடம் வாய் திறக்கும் ஜனங்களையெல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கடிகாரத்துப் பக்கம் வந்து நின்றார். பாங்கில் பசுக்களைக்கூட அடகு வைத்திருக்கும் பால் பண்ணைக்காரர்களோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்கள். இன்றைக்குப் பணக்காரன் பையில் கை விடுகிற அரசாங்கம் நாளைக்கு நம் பையில் விடாதா என்பது அவர்கள் கட்சி.

ஓரின் தன் பக்கத்தில் ஆர்லீனைத் தேடினான். காணவில்லை.

அவள் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

கூடம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. அடுத்த கணம் கூரை பிய்த்துக்கொண்டது.

"அடிப்பாவி, மூணாவது ஆளு நீதானா? பஸ் ஓட்டியா இவ்வளவு சேர்த்தே?" என்று யாரோ கூவ, பின்னல் ஊசிகளைக் கீழே போட்டுவிட்டுப் பெண்கள் எழுந்து நின்றார்கள்.

ஓரினுக்கு அந்தச் சத்தம் எதுவும் ஏறவில்லை. அவனிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் நிற்கிறாள். கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் போலிருக்கிறது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

ட்வைட் எண்ணி முடித்தார். வேண்டும், அறுபத்தொன்று. வேண்டாம், அறுபது. ஒரே ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது.

கொண்டுவந்தவளே எதிர்த்து ஓட்டுப் போட்டதற்கு விளக்கம் வேண்டும் என்று நாலாபக்கமும் கூச்சல். ஆர்லீன் கையைத் தூக்கினாள். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசக் கூடாது, எதுவானாலும் தலைவரிடம்தான் சொல்ல வேண்டும் என்பது இருநூறு வருஷத்து விதி. அவள் விதியை மீறுகிறவள் இல்லை.

"தலைவரே, அங்க நிக்கிற பெல்கி கிட்ட சொல்லுங்க. அந்த ஏழு லாரியும் யாருதுன்னு தினம் ரோட்டுல எதிர்ல பஸ் ஓட்டிட்டு வர்றவளுக்குத் தெரியாதா? வர்ற மாசம் கல்யாணம் ஆனா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வரிப் படிவம். குடும்பத்துக்கு நாலு காசு மிஞ்சட்டுமேன்னு நான் மானத்தை விட்டு இங்க வந்து நிக்கறேன். அந்த மகராசன் அங்க போய் நின்னு, ஒத்தை ஓட்டுல வரியை எங்க தலையிலயே கட்டிட்டாரே!"

எண்ணி முடித்த பிறகு யாரும் பக்கம் மாறக் கூடாது என்று ட்வைட் சுத்தியலைத் தட்டித் தட்டிக் கத்தினார்.

ஓரின் அதற்குள் பாதிக் கூடத்தைத் தாண்டியிருந்தான்.