டிக்கியின் மேல் ஓர் இறக்கை

"போல்ட் போடாம வெறும் பசையில ஒட்டுறதா? தம்பி, இது கார். தபால் கவர் இல்ல!"

போல்ட்டும் நட்டும் விற்கும் கடையின் உரிமையாளர், தம் வீட்டு வாசலில் நின்று இவ்வாறு முழங்கினார். அவர் எதிரே டேப் சுருளும் கையுமாக நின்ற இளைஞன், ஒட்டும் பொருள்கள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் விற்பனையாளன். அவருடைய மகளை மணக்க விரும்புபவன். இருவருக்கும் நடுவே அவருடைய பழைய வெள்ளைக் கார் நின்றது. அதன் டிக்கியின் மேல் பொருத்துவதற்காக அவர் ஆசையோடு வாங்கி வந்த ஸ்பாய்லர், ஒற்றை இறக்கை போலத் தரையில் கிடந்தது.

"இது டபுள் சைடு டேப் சார். பெரிய கட்டடங்கள்ல கண்ணாடியே இதுலதான் நிக்குது. நல்ல பெயிண்ட்ல எதுக்கு ஓட்டை போட்டுக்கிட்டு?"

"ஓட்டை போட்டாத்தான் தம்பி உறுதி. முப்பது வருஷமா போல்ட் விக்கிறேன். 'உரிஞ்சு வந்துடுச்சு'ன்னு ஒருத்தனாவது கடைக்குத் திரும்பி வந்திருப்பானா?"

வாசற்படியில் அமர்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவி தலையை நிமிர்த்தினார்.

"சைக்கிள் முந்திட்டுப் போற காருக்கு இறக்கை ஒரு கேடா?"

"நீ சும்மா இரு. இது கல்யாண விஷயம்."

"ஸ்பாய்லர் எப்பங்க கல்யாண விஷயம் ஆச்சு?"

"இப்பத்தான் ஆச்சு!" என்ற கடைக்காரர், இளைஞனை நோக்கித் திரும்பினார். "தம்பி, உன் பசையில நீயே ஒட்டு. ஒரு நாள் காயட்டும். நாளைக்குச் சாயங்காலம் பைபாஸ் ரோட்டுல வண்டிய விரட்டுவோம். இது நின்னுச்சுன்னா, உங்க வீட்டுப் பெரியவங்கள வரச் சொல்லு. பறந்துச்சுன்னா, அதோட சேர்ந்து நீயும் பறந்துடணும். சம்மதமா?"

இளைஞன் கையிலிருந்த டேப் சுருளை ஒருமுறை பார்த்துக்கொண்டான். எனினும், தொழில் மானம் அவனைப் பின்வாங்க விடவில்லை.

"சம்மதம் சார்."

"அப்பா!" என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் அலறியது. "என் வாழ்க்கைய டிக்கி மேல வச்சு ஓட்டப்போறீங்களா?"

"ஆமாம்மா. வந்து ஒரு பக்கம் பிடி."

பணி தொடங்கியது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் இளைஞன் டிக்கியைப் பளபளவெனத் துடைத்தான். நடுப்புள்ளியை அளந்து குறியிட்டான். ஸ்பாய்லரின் அடிப்பாகத்தில் டேப்பை ஒட்டினான். பின்னர், ஒரு முனையை அவனும் மறுமுனையை மகளும் பிடித்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல மெல்ல இறக்கி வைத்தனர். அவன் உள்ளங்கையால் அழுத்தினான். தன் நெற்றியில் விழுந்த முடியை அவள் ஊதி விலக்கினாள். அவன் மேலும் அழுத்தினான்.

"போதும் தம்பி. டிக்கி அமுங்கிடப்போகுது."

அவன் திடுக்கிட்டுக் கையை எடுத்தான். காயும் வரை அசையாதிருக்கும் பொருட்டு, மேலே குறுக்கும் நெடுக்குமாக மாஸ்கிங் டேப்பைச் சுற்றினான்.

"காருக்குத் தலையில அடிபட்ட மாதிரியே இருக்கு" என்றார் மனைவி.

மறுநாள் மாலை, இளைஞன் வந்தபோது மாஸ்கிங் டேப் அகற்றப்பட்டிருந்தது.

"காலையிலேயே உரிச்சுட்டேன். ஏறு" என்றார் கடைக்காரர் கடுகடுவென.

கார் பைபாஸ் ரோட்டை அடைந்ததும் அவர் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தார். கதவுகள் தடதடத்தன. இளைஞன் முன்பக்கம் பார்க்கவே இல்லை. பின்கண்ணாடி வழியே ஸ்பாய்லரைப் பார்த்தவாறு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். போதாக்குறைக்கு, கடைக்காரர் பள்ளங்களைத் தேடித் தேடி வண்டியை இறக்கினார்.

"ஏங்க, அது நிக்குது! என் பல்லுதான் விழப்போகுது!" என்று பின்சீட்டிலிருந்து கத்தினார் மனைவி.

வீடு திரும்பியதும் கடைக்காரர் முதல் ஆளாகக் குதித்து இறங்கினார். இரு கைகளாலும் ஸ்பாய்லரைப் பற்றி உலுக்கினார். கார் ஆடியது; ஸ்பாய்லர் ஆடவில்லை. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"ஒத்துக்கிறேன். பசை ஜெயிச்சுடுச்சு. ஞாயித்துக்கிழமை உங்க அப்பா அம்மாவக் கூட்டிட்டு வா."

"தேங்க்ஸ் மாமா!"

"வாய்க்கும் கொஞ்சம் டேப் ஒட்டிக்க. அதெல்லாம் ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்."

தரையில் கால் பாவாமல் அவன் புறப்பட்டான். தெருமுனை வரை வழியனுப்பும் சாக்கில் மகளும் உடன் சென்றாள்.

அவர்கள் மறைந்ததும் மனைவி இடுப்பில் கையை ஊன்றினார்.

"போல்ட் போல்ட்டுனு முப்பது வருஷம் உயிர விட்டீங்க. கேவலம் ஒரு டேப்கிட்ட இப்படிப் பொசுக்குன்னு தோத்துட்டீங்களே!"

கடைக்காரர் தெருவின் இருபுறமும் நோட்டமிட்டார். பிறகு டிக்கியைத் திறந்து, அதன் உட்புறத்தைக் காட்டினார். அங்கே நான்கு புத்தம் புதிய போல்ட்டுகள் மின்னின.

"அடப்பாவி மனுஷா! எப்பங்க போட்டீங்க?"

"காலையிலதான். மாஸ்கிங் டேப்ப உரிச்சேன், ஸ்பாய்லர் முழுசா என் கையோட வந்துடுச்சு."

"அப்ப அவன் பசை மட்டம்தானே? தோத்தவனுக்கா நம்ம பொண்ணக் குடுக்கப்போறீங்க?"

"பசை மேல பழி போடாத. தினமும் ஊருக்கெல்லாம் டேப் ஒட்டிக் காட்டுறவன், நம்ம பொண்ணு பக்கத்துல வந்து நின்னதும் டேப் மேல இருக்கிற தாள உரிக்கவே மறந்துட்டான்! இவனுக்குக் குடுக்காம வேற எவனுக்குடி குடுக்கிறது?"