பிள்ளைச்சாவடியில் விலைக்கு ஒரு வீடு

பிள்ளைச்சாவடி வீட்டின் கூடத்தில் பிற்பகல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. தாழிட்ட பின்கதவில் முதுகைச் சாய்த்து நிற்கிறாள் ரஞ்சிதம். கதவுக்கு அப்பால் இருந்த தோட்டத்தைப் போன மழையில் கடல் கொண்டுபோய்விட்டது; ஒவ்வொரு அலையும் அவள் முதுகில் அதிர்கிறது. புதுச்சேரி நகருக்குள் இருக்கும் சாரத்திலிருந்து வீடு பார்க்க வந்திருக்கும் பிரேம்குமார், பெயிண்ட் வாசனை போகாத சுவரைத் தட்டிப் பார்க்கிறான். “கடலோரத்துல முப்பது லட்சத்துக்கு வீடா? எங்க சாரத்துல இந்தக் காசுக்கு கார் ஷெட்டு கூட வராதுண்ணே.” “அதான் சொல்றேன் தம்பி, யோசிக்காம அட்வான்ஸ் போட்டுடு” என்று சிரிக்கிறான் ரஞ்சிதத்தின் கணவன் முத்துவேல். சாவிக்கொத்தை இப்போதே அவனிடம் நீட்டுகிறான். பக்கத்து வீட்டைப் பாதி விலைக்குக் கேட்கவும் ஆளில்லை. இவர்களும் வாங்காமல் போய்விட்டால் இந்த வீட்டையும் கடல்தான் எடுத்துக்கொள்ளும். பிரேம்குமாரின் மனைவி சிவசங்கரி நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி ரஞ்சிதத்தின் அருகில் வருகிறாள். “ராத்திரில அலை சத்தம் கேட்டுக்கிட்டே நல்லாத் தூங்கலாம், இல்லக்கா?” முத்துவேல் மனைவியையே பார்க்கிறான். ரஞ்சிதத்தின் பார்வை அந்த வயிற்றை விட்டு அகலவில்லை. “நாங்க முறை வச்சித்தாம்மா தூங்குறோம். ஒருத்தர் கண்ணசந்தா இன்னொருத்தர் முழிச்சிருப்போம்.”