முந்தி வரும் நீலம்

மூன்று வயது ஷர்வாணியின் உடம்பில் காரணமே தெரியாமல் ரத்தக்கட்டுகள் வந்தபோது, டாக்டர் முதலில் என் கைகளைத்தான் பார்த்தார். வீட்டில் குழந்தையை யார் அடிக்கிறார்கள் என்று நயமாகக் கேட்டார். பிறகு பரிசோதனை முடிவு வந்தது. ரத்தம் சரியாக உறையாத அபூர்வக் குறைபாடு. லேசாக இடித்தாலே கன்றிவிடும், சின்னக் கீறலிலும் ரத்தம் நிற்காது, வாராவாரம் ஊசி போட வேண்டும் என்றார்.

அவரிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. என் மகளுக்கு முதலில் கன்றும், மறுநாள்தான் அடிபடும். முழங்கால் நீலமானால், மறுநாள் அதே முழங்காலைக் கட்டிலில் இடித்துக்கொள்வாள். கட்டிலைச் சுற்றிப் பஞ்சு கட்டியும் பயனில்லை. என் கணவர் சந்தீப் முதலில் சிரித்தார். இப்போது தினமும் அவள் குளிக்கும்போது அவரும் வந்து பார்க்கிறார்.

இன்று அவள் மேல்கையில் ஐந்து விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன.

"யார் பிடிச்சா?" என்றார் சந்தீப்.

"இன்னும் யாரும் பிடிக்கலை."

அவர் தன் கையை அதன்மேல் மெல்ல வைத்தார். அவர் கை பெரிது. நான் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

"நாளைக்கு நீ அவளைத் தொடாதே. ஊசிக்கு நானே கூட்டிண்டு போறேன்."

ஊசி போடப் போகும்போது டாக்குரியா ரயில் நிலையத்தருகே தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். ரயிலைக் கண்டால் ஷர்வாணி இடுப்பில் நிற்கமாட்டாள். "ரேல்காடி!" என்று கத்திக்கொண்டு, இறங்கி அதை நோக்கி ஓடுவாள்.

"இல்லை, நான்தான் அழைச்சிண்டு போவேன். அவளைப் பிடிச்சு நிறுத்தப்போறது என் கைதான்" என்றேன்.

பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, என் நகங்களை ஒட்ட வெட்டினேன்.