மேற்கே பார்த்த முட்டைகள்

ஆற்றில் அருகிப்போன கெண்டையைப் பெருக்கும் பண்ணை அது. தட்டில் வெளுத்துச் செத்த முட்டைகளைச் செல்வலட்சுமி கோழியிறகால் ஒதுக்கினாள். நல்ல முட்டைகளுக்குள் கண் கருத்திருந்தது. அத்தனை கண்ணும் மேற்கே பார்த்தன.

போன தடவையும் இப்படித்தான் பார்த்தன. அன்றைக்கே மேற்கே ஒரு பட்டாசு அறை வெடித்தது.

ஊர்க்காவலன் என்கிற அவள் புருஷனுக்கும் மேற்கேதான் பட்டாசு வேலை. கம்பெனி வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள்.

"எனக்கு மயக்கமா வருதுண்ணே, அவுகள உடனே அனுப்பி வைங்க."

வெடிமருந்து அப்பிய கையோடு புருஷன் ஓடிவந்தான்.

"மயக்கம்னாக, கல்லு மாதிரி நிக்கிறே? சீசன்ல அரைநாள் கூலி போச்சுடி!"

"போனாப் போகுது. இங்கனயே இருங்க."

மேற்கே ஒரு சத்தமும் இல்லை. நிம்மதியாகத் தட்டைக் குனிந்து பார்த்தாள். கண்கள் இப்போது அவனைப் பார்த்தன.

"குடிக்கத் தண்ணி எங்கன இருக்கு?" என்று அவன் தட்டைச் சுற்றி நடந்தான்.

கண்களும் கூடவே சுற்றின.